நாற்காலி போடுவதும் வரம்தான்!

ஒரகடம் பக்கத்து ஆலைகளில் ஞாயிறன்றும் ஷிஃப்ட் உண்டு. நைட் ஷிஃப்ட் முடிந்து, தூங்காமலே சபைக்கு வருகிறார் ஓர் இளைஞர். நாற்காலிகளைப் போடுவார், காய்ச்சலில் படுத்த அறைத்தோழருக்குக் கஞ்சி வாங்கிப்போவார். பாட வராது, மைக் பிடிக்கக் கூச்சம். 'எனக்கு ஒரு வரமும் இல்லை' என்பார்.

கொரிந்துவில் கூடாரம் செய்து பிழைத்த பவுல், அந்தச் சபைக்கு எழுதிய முதல் கடிதத்தின் 12-ம் அதிகாரத்தில் வரங்களை வரிசைப்படுத்துகிறார். அதில் பிறருக்கு உதவுவதும் ஒரு வரம். பலவித பாஷைகள் பேசும் வரத்துக்கு முன்பாகவே அது வருகிறது!

காலை ஷிஃப்ட் விழும் ஞாயிறன்று அந்த இளைஞரால் வர முடியாது. நாற்காலிகள் அடுக்கியபடியே கிடக்கும். அன்றுதான் எல்லோரும் அவரைத் தேடுகிறார்கள். அவர் வந்திருக்கும் ஞாயிறில் அதை அவரிடமே சொன்னால் என்ன?