புதுவாயல் பிள்ளைகளும் ஒரு வரைபடமும்

சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டி பக்கம் பஸ்ஸில் போனவர்களுக்குப் புதுவாயல் தெரிந்திருக்கும். கவரைப்பேட்டைக்கு அருகே, தேசிய நெடுஞ்சாலை 16-ல் (பழைய எண் 5) இருக்கிற ஊர். ஜன்னல் வழியாகப் பார்த்தால் கன்டெய்னர் லாரி, டீக்கடை, ஷிப்ட் முடிந்து ஆட்களை இறக்கிவிடும் கம்பெனி பஸ்... அவ்வளவுதான்.

இந்த ஊரைப் பற்றி அதிகம் பேர் கேட்காத கேள்வி ஒன்று உண்டு. இங்கே ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளில் எத்தனை பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாமல் இருக்கிறார்கள்?

தமிழ்நாட்டுக்கு என்றால் பதில் இருக்கிறது. 2019-21-ல் நடந்த ஐந்தாவது தேசிய குடும்ப நல ஆய்வின்படி 25 சதவீதம். அதாவது நான்கில் ஒரு பிள்ளை. ரத்தசோகை உள்ள சிறு பிள்ளைகள் 57.4 சதவீதம். 2015-16-ல் இது 50.7 ஆக இருந்தது. குறையவில்லை, கூடியிருக்கிறது! திருவள்ளூர் மாவட்டத்துக்கும் தனி எண்கள் உண்டு. அதற்குக் கீழே இறங்கப் படிக்கட்டு இல்லை.

மாவட்டம் என்றால் சின்ன விஷயமா? ஆவடியும் அதில்தான், பள்ளிப்பட்டும் அதில்தான், பழவேற்காட்டு மீனவர் குப்பமும் அதில்தான். எல்லாவற்றையும் கூட்டி வகுத்தால் வருவது சராசரி. பி.காம். படிக்கிறவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். பத்துக் கிளை உள்ள ஒரு கடை மொத்தக் கணக்கில் லாபம் காட்டும். அதில் இரண்டு கிளை நஷ்டத்தில் மூழ்கிக்கொண்டிருக்கும். கிளைவாரியாகப் பேரேட்டைப் பிரிக்கிற வரைக்கும் முதலாளிக்கே தெரியாது.

பிரித்துப் பார்த்த ஒருவரின் கதை பிரபலமானது. 1854-ல் லண்டன் பிராட் தெருவைச் சுற்றிக் காலரா பரவி, சில நாட்களில் ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ஜான் ஸ்னோ என்ற டாக்டர் இறப்புகளை வீடு வீடாக வரைபடத்தில் குறித்தார். குறிகள் ஒரு தண்ணீர்க் குழாயைச் சுற்றிக் குவிந்தன. அந்தக் கைப்பம்பின் பிடி கழற்றப்பட்டது. இது பாடப்புத்தகத்திலேயே வரும்.

பலர் கவனிக்காத பகுதி வேறு. அதே தெருவில் இருந்த பீர் தொழிற்சாலையில் எழுபது பேருக்கு மேல் வேலை செய்தார்கள், ஒருவர்கூட இறக்கவில்லை. அவர்களுக்குப் பீர் கிடைத்தது, உள்ளேயே தனிக் கிணறும் இருந்தது. குறி விழாத அந்த இடமும் ஸ்னோவுக்கு ஒரு சாட்சி ஆனது.

சரி, புதுவாயலுக்கு அப்படி ஒரு வரைபடம் இல்லையா?

ஒரு வகையில் இருக்கிறது. ஹார்வர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் எஸ்.வி.சுப்பிரமணியனும் சக ஆய்வாளர்களும் 2021-ல், இந்தியாவின் கிட்டத்தட்ட 6 லட்சம் கிராமங்களுக்கும் குழந்தைகளின் ஊட்டக்குறைவைக் கணித்து வெளியிட்டார்கள். ஒரே மாவட்டத்துக்குள்ளேயே கிராமத்துக்குக் கிராமம் நிலைமை எவ்வளவு மாறுகிறது என்பதை அது காட்டியது. பெரிய வேலைதான், சந்தேகமில்லை.

ஆனால் அது கணிப்பு. 2015-16 ஆய்வையும் 2011 மக்கள்தொகைக் கணக்கையும் இணைத்துப் போட்ட கணக்கு. ஒவ்வொரு கிராமத்திலும் யாரும் தராசு வைத்து எடை பார்க்கவில்லை. இன்னொன்று, ஆய்வு நடந்த இடங்களை வெளியிடும்போது, யாரும் அடையாளம் கண்டுவிடாதபடி வேண்டுமென்றே நகர்த்திவிடுவார்கள். கிராமப்புறம் என்றால் பொதுவாக 5 கிலோமீட்டர் வரை. இந்தப் பக்கத்தில் 5 கிலோமீட்டர் தள்ளினால் வேறு ஊரே வந்துவிடும்!

நிஜமான எண் எங்கே இருக்கிறது தெரியுமா? அங்கன்வாடி டீச்சரின் மேஜையில்.

"டீச்சர், பாப்பா எடை ஏறியிருக்கா?"

"போன மாசம் இருந்த மாதிரியேதான்மா இருக்கு. சரியா சாப்பிடறாளா?"

அங்கன்வாடி இருக்கிற எந்த ஊரிலும் இந்தப் பேச்சைக் கேட்கலாம். தமிழ்நாட்டுக்கு இது பழைய பழக்கம். 1980-ல் உலக வங்கிக் கடனுதவியோடு தொடங்கிய ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டத்தில், 6 முதல் 36 மாதம் வரையுள்ள பிள்ளைகளை மாதாமாதம் எடை பார்த்து, எடை ஏறாதவர்களைத் தேர்ந்தெடுத்துச் சத்துணவு கொடுத்தார்கள். இன்று அதே எடை 2021-ல் வந்த போஷன் டிராக்கர் செயலியில் ஏறுகிறது. எடை மேலே போய்ச் சேர்கிறது. சொந்த ஊர்க்காரர்கள் உட்கார்ந்து பார்க்கிற வரைபடமாகத் திரும்பி வருவதுதான் அரிது.

பதிவேட்டிலேயே இல்லாத பிள்ளைகளும் உண்டு. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலைக்கு வந்து, தகர ஷெட்டிலும் ஒற்றை அறையிலும் வாடகைக்கு இருக்கும் வடமாநிலக் குடும்பங்கள். மழை முடிந்ததும் ஒடிசாவிலிருந்து மாவட்டத்தின் செங்கல் சூளைகளுக்கு வந்து, அடுத்த மழைக்கு முன்னால் திரும்பிவிடுகிறவர்கள். அந்தப் பிள்ளைகளின் பெயரை யாராவது எழுதினால்தான் அவர்கள் எண்ணிக்கையில் வருவார்கள். எழுதாவிட்டால் அந்த இடம் வரைபடத்தில் வெள்ளையாக இருக்கும். லண்டனில் வெற்றிடத்துக்கு அர்த்தம், அங்கே நோய் இல்லை என்பது. இங்கே, யாரும் போய்ப் பார்க்கவில்லை என்பதாக இருக்கலாம். இரண்டும் பார்வைக்கு ஒரே மாதிரிதான் இருக்கும்.

இதைச் சரிசெய்யச் செயற்கைக்கோள் எல்லாம் வேண்டாம். ஊர்ப் பெண்கள் தரையில் கோலமாவால் ஊரை வரைந்து, விதைகளை வைத்து வீடுகளைக் குறிக்கும் முறை 1990-களிலேயே இந்தியக் கிராமங்களில் பரவியது. தமிழ்நாட்டில் 2005-ல் தொடங்கிய புதுவாழ்வுத் திட்டத்தில், ஏழைக் குடும்பங்களை ஊர்க்காரர்களே கூடி அடையாளம் காட்டினார்கள். அப்படி உட்கார்ந்தால் எந்த ஷெட்டில் புதிதாகக் கைக்குழந்தை வந்திருக்கிறது, எந்தக் குழாயில் தண்ணீர் கலங்கலாக வருகிறது என்பதெல்லாம் ஒரு மத்தியானத்தில் வந்துவிடும். அங்கன்வாடி 300 மீட்டரில் என்று செயலி காட்டும். நடுவே நெடுஞ்சாலை இருந்தால், இடுப்பில் பிள்ளையோடு லாரிகளுக்கு நடுவே கடக்கும் தாய்க்கு அது 300 மீட்டர் இல்லை.

ஒரே ஒரு எச்சரிக்கை. எடை குறைந்த பிள்ளையின் வீட்டில் சிவப்புப் புள்ளி வைத்து அதைப் பஞ்சாயத்துச் சுவரில் ஒட்டினால், அடுத்த மாதம் அந்த அம்மா எடை பார்க்கவே வரமாட்டார். 'வளர்க்கத் தெரியாதவள்' என்ற பேச்சு ஒரு பக்கம். புள்ளிகள் எல்லாம் காலனிப் பக்கம் குவிந்தால் ஊர் என்ன பேசும் என்பது இன்னொரு பக்கம். வீடு டீச்சருக்கும் நர்ஸுக்கும் மட்டும் தெரியட்டும். ஊர் பார்க்கும் வரைபடத்தில் தெருவாரி எண்ணிக்கை, குழாய், கழிவறை, சாக்கடை, சாலை கடக்கும் இடம் ஆகியவை போதும். மாற்ற வேண்டியவை அவைதானே!

அடுத்த முறை பஸ் புதுவாயலைத் தாண்டும்போது ஜன்னல் வழியாகக் கொஞ்சம் பாருங்கள். சாலையோரம் விளையாடும் பிள்ளைகளில் ஒருத்தியின் பெயராவது எந்தப் பதிவேட்டிலும் இல்லாமல் இருக்கலாம். அவளுடைய பெயரை யாராவது எழுதிக்கொண்டால், அந்த ஊரின் வரைபடம் அங்கிருந்து தொடங்கும்.