பங்குக் கிணறு

எங்கள் வீட்டில் பிரஷர் என்றால் அது அம்மாவுடைய இரத்த அழுத்தம்தான். தண்ணீருக்குப் பிரஷர் காணாது என்று பிளம்பர் வேலைக்கு வந்த தமிழ்ப் பெடியன் சொன்னபோது, "எனக்குக் கூடத்தானே தம்பி, கொஞ்சம் எடுத்து விடுங்கோவன்" என்றார் அம்மா. எல்லோரும் சிரித்தோம். ஆனால் அந்தத் தை மாதத்தில் அது சிரிக்கிற விஷயமாக இருக்கவில்லை.

இடுப்பெலும்பு முறிந்து சத்திரசிகிச்சை முடிந்து அம்மா வீட்டுக்கு வந்திருந்தார். குனியக் கூடாது, வாளி தூக்கக் கூடாது. மேல்மாடிக் குளியலறையில் ஷவருக்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் கதிரை போட்டோம். ஊர்ப் பழக்கப்படி விடிய 7 மணிக்கே குளிக்க வேண்டும். அந்த நேரத்தில்தான் தண்ணீர் நூலாக வரும். கொம்பி பொயிலர் தனக்குள் ஓடும் தண்ணீர் ஓரளவுக்குக் கீழே குறைந்தால் நெருப்பை அணைத்துவிடும். தலையில் சோப்பு நுரையோடு இருக்கிற எண்பது வயது மனுசிக்கு மேலே பச்சைத் தண்ணீர் விழும். இரண்டு தரம் அப்படி நடந்தது. மூன்றாம் நாள் குளியல் வேண்டாம் என்றுவிட்டார்.

நாங்கள் இருப்பது கிழக்கு லண்டனில், 1890களில் கட்டிய வரிசை வீடொன்றில். முதலில் ஷவர் தலையைக் கழற்றி வினாகிரியில் ஊறவைத்தேன். லண்டன் தண்ணீரில் யாழ்ப்பாணத்தைப்போலவே சுண்ணாம்பு அதிகம். குசினித் தொட்டிக்குக் கீழே இருக்கும் பிரதான அடைப்பானும் முழுதாகத் திறந்தே இருந்தது. பிறகு 10 லீற்றர் வாளியைக் குசினிக் குழாயில் பிடித்துப் பார்த்தேன். காலை 7 மணிக்கு நிரம்ப இரண்டு நிமிடம், இரவு 11 மணிக்கு 55 வினாடி. இங்கே தெருவோர அடைப்பானில் நிமிடத்துக்கு 9 லீற்றரும் 10 மீற்றர் உயரத்துக்கு ஏறக்கூடிய அழுத்தமும் இருக்கவேண்டும் என்பது கணக்கு. அப்பா கிணற்றடியில் தாங்கியைத் தூணில் ஏற்றிக் கட்டியதும் இதே கணக்கில்தான்: 10 மீற்றர் உயரம் ஒரு பார். மேல்மாடிக்கு ஏறும்போதே அதில் பாதி போய்விடும்.

இரவில் வருகிற தண்ணீர் காலையில் எங்கே போகிறது? தெருவிலிருந்து வருகிற ஒரே ஈயக் குழாய் எங்களுக்கும் அடுத்த வீட்டுக்கும் பொது என்று பிளம்பர் தம்பி கண்டுபிடித்தார். அடுத்த வீட்டில் வாடகைக்கு இருப்பவர் ஒரு தாதி. இரவு வேலை முடிந்து வந்து, சரியாக 7 மணிக்குக் குளிப்பார்.

பம்ப் ஒன்று பூட்டுவோம் என்றார் இவர். பிரதான குழாயிலிருந்து நிமிடத்துக்கு 12 லீற்றருக்கு மேல் இழுக்கிற பம்புக்குத் தண்ணீர்க் கொம்பனியின் அனுமதி வேண்டும். அதைவிட, பொதுக் குழாயில் பம்ப் இழுக்கும் தண்ணீர் அடுத்த வீட்டுக்குப் போகவேண்டியது. அம்மாவுக்கு இதை விளக்க வேண்டியிருக்கவில்லை. எங்கள் காணி உறுதியில் எழுதியிருந்தது பங்குக் கிணறு. இறைப்பு முறைக்காக நடந்த சண்டைகளையும் அதனால் பேச்சு நின்ற குடும்பங்களையும் அவர் கண்டவர்.

"வேலையால வாற பிள்ளை முதல் குளிக்கட்டும். நான் ஒன்பதுக்குக் குளிக்கிறன்" என்றார். வாழ்நாள் பழக்கத்தை அவர் அப்படி விட்டுக்கொடுத்தது எனக்குப் பிடிக்கவில்லை. அந்தப் பெண்ணுக்கு இது தெரியவும் தெரியாது.

எல்லைக்கு உள்ளே இருக்கும் குழாய் வீட்டுக்காரர் பொறுப்பு, பொதுவென்றால் எல்லாருக்கும் பொறுப்பு. அடுத்த வீட்டு உரிமையாளர் ஒரு சதமும் தரமாட்டேன் என்றார். கடைசியில் நாங்களே 2,000 பவுணுக்கு மேல் கொடுத்து, முன்முற்றத்தை 75 சென்ரிமீற்றர் ஆழத்துக்குக் கிண்டி, 25 மில்லிமீற்றர் நீலக் குழாயைத் தனியாக இழுத்தோம். தெருப்பக்கத்து ஈயத்தைக் கொம்பனி மாற்றித் தந்தது. பழைய குழாய் முழுதும் இப்போது அந்தத் தாதிக்கு. தன்னுடைய ஷவருக்கு என்ன நடந்தது என்று வேலியருகில் நின்று கேட்டார், சொன்னேன்.

வாளி இப்போது 40 வினாடியில் நிரம்புகிறது. அம்மா திரும்பவும் 7 மணிக்குப் போனார். முதல் நாளே உள்ளேயிருந்து சத்தம்.

"பிள்ளை, ஊசி மாதிரிக் குத்துது. கொஞ்சம் பூட்டு."