கூண்டு இல்லாத ஜூவுக்கு ஒரு ஜோடி ட்ரிப்!

அம்பகரத்தூர் ஜோடிகளே! பத்ரகாளியம்மனைக் கும்பிட்டாச்சு, திருநள்ளாறு போயாச்சு, காரைக்கால் பீச்சும் பார்த்தாச்சு. அடுத்து? ஜூன்னா வண்டலூர்தான், ஆனா அது ரொம்ப தூரமாச்சே! கவலையை விடுங்க. மார்கழிக் குளிர்ல விடியக்காலையில கிளம்பி காரைக்கால், நாகப்பட்டினம், வேதாரண்யம்னு பஸ் மாறினா கோடியக்கரை. 'பொன்னியின் செல்வன்' பூங்குழலியோட ஊருன்னு சொல்லிப் பாருங்க, உங்க ஆளு உடனே ஓகே!

1967-ல வெளிமான்களுக்காகவே சரணாலயமா அறிவிச்ச இடம் இது. கூண்டு, கம்பி எதுவும் கிடையாது. குளிர்காலத்துல பூநாரைகளும் வலசை வரும். அதுங்களோட ரோஸ் கலருக்குக் காரணம், சாப்பிடுற இரை!

கறுப்பு முதுகு, முறுக்குக் கொம்புன்னா ஆண் மான். இளம்பழுப்பு நிறத்துல, கொம்பு இல்லாம இருந்தா பெண். இணைசேரும் காலத்துல ஆண், புல்வெளியில தனக்குன்னு ஓர் இடம் பிடிச்சு கெத்தா நிக்கும். ஆனா, யாரைப் பிடிச்சிருக்குன்னு முடிவு பண்றது பெண் மான்தான். பசங்களா, நோட் பண்ணிக்குங்க!

2018 நவம்பர்ல அடிச்ச கஜா புயல்ல இங்கே மான்கள், குதிரைகள்னு நிறைய செத்துப்போச்சு. தப்பிச்ச கூட்டத்தோட வம்சத்தைத்தான் பார்க்கப் போறீங்க. அதனால, செல்ஃபிக்காகத் துரத்தாதீங்க. சிப்ஸ் கவரை வீசாதீங்க. பேச்சைக் கொஞ்சம் குறைங்க.

ஜூவுல மானால நம்மளை விட்டு ஓட முடியாது. இங்கே முடியும். உங்களைப் பார்த்தும் ஓடாம மேய்ஞ்சுக்கிட்டே இருந்தா, நீங்க நல்ல ஜோடின்னு அர்த்தம்!