பழைய பொறி கற்பித்த பாடம்

ஊர்விட்டு ஊர் வந்து வாழும் நம் குடும்பங்களுக்கு மூட்டை கட்டும் கலையை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கோடை விடுமுறையில் ஊருக்குப் போய்த் திரும்பும் தமிழ்க் குடும்பத்தைக் கல்யாண் நிலையத்து நடைமேடையில் பார்த்தாலே இது விளங்கும். ‘அங்கே கிடைக்காது’ என்று எடுத்துக்கொண்ட புளியும் வற்றலும் ஒரு பக்கம். ‘இது இல்லாமல் முடியாது’ என்று எடுத்துக்கொண்ட துணிமணியும் பாத்திரமும் மறு பக்கம். எதை எடுப்பது, எதை விடுவது என்னும் அந்தக் கணக்கே இக்கட்டுரையின் பொருள். ஆனால் நான் சொல்லப்போகும் மூட்டை, ஒரு பழைய கணிப்பொறி சுமக்கும் மூட்டை.

நான் இரயில்வே சரக்கு அலுவலகத்தில் எழுத்தர். பத்தாம் வகுப்போடு என் பள்ளிப்படிப்பு நின்றது. தந்தையார் பணியில் இருக்கும்போதே மறைந்தமையால் கடைநிலை ஊழியனாகச் சேர்ந்து, பின்னர்த் துறைத் தேர்வு எழுதி எழுத்தரானேன். சென்ற ஆண்டு, கணிப்பொறியின் உள்ளமைப்பைப் பற்றிய மாலை வகுப்பொன்றில் சேர விரும்பி ஒரு பயிற்சி நிலையத்துக்குச் சென்றேன். எட்டாம் வகுப்பில் படிக்கும் என் மகளும் உடன் வந்தாள். விண்ணப்பத்தைப் பார்த்தவர், பட்டம் பெறாதவர்க்கு இப்பாடம் விளங்காது என்று கூறித் தாளைத் திருப்பித் தந்துவிட்டார். அச்சொல் எனக்குப் புதிதன்று. ஆனால் வீடு திரும்பும் வண்டியில் மகள், “அப்பா, இதெல்லாம் நம்மைப் போன்றவர்களுக்கு இல்லை போலிருக்கிறது. மேல்வகுப்புக்குப் போனதும் நான் கணக்குப் பாடத்தை விட்டுவிடுகிறேன்” என்றாள். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. யாரோ ஒருவர் தந்தைக்குச் சொன்ன சொல்லைப் பிள்ளை தனக்குரிய விதியாக எடுத்துக்கொள்வதைப் பார்த்துக்கொண்டு எப்படி இருப்பது?

அடுத்த ஞாயிறன்று மும்பை லாமிங்டன் சாலைக்குச் சென்றேன். அங்கே பழம்பொருள் கடையொன்றில், எடைக்குப் போடுவதற்காக ஒதுக்கி வைத்திருந்த பொறிகளுக்கிடையே சன் நிறுவனத்தின் ‘அல்ட்ரா 5’ ஒன்று கிடந்தது. கடைக்காரர் பழைய இரும்பின் விலையையே பெற்றுக்கொண்டார்.

இப்பொறியின் குலம் பெரிது. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் 1982ஆம் ஆண்டில் அமெரிக்காவில் தொடங்கப்பெற்றது. தொடங்கிய நால்வருள் ஒருவர் தில்லி ஐ.ஐ.டி.யில் பயின்ற வினோத் கோஸ்லா. மற்றொருவர் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் யூனிக்ஸ் அமைப்பை வளர்த்தவர்களுள் முதன்மையானவரான பில் ஜாய். பொறியாளர்களும் ஆராய்ச்சியாளர்களும் மேசைமேல் வைத்துக்கொள்ளும் ‘வொர்க்ஸ்டேஷன்’ என்னும் வகைக்கு அந்நிறுவனம் பெயர் பெற்றிருந்தது. அல்ட்ரா 5 வெளிவந்தது 1998இல். அதன் மூளை 64 பிட் அல்ட்ராஸ்பார்க் வகையைச் சேர்ந்தது. நம் வீட்டுக் கணிப்பொறிகளில் உள்ள இன்டெல் வகை அன்று. நினைவகம் 512 மெகாபைட்டுக்கு மேல் ஏறாது. எனக்குக் கிடைத்ததில் 256 இருந்தது. 2010இல் ஆரக்கிள் நிறுவனம் சன்னை வாங்கிக்கொண்டது. 2011இல் வந்த சோலாரிஸ் 11 என்னும் இயக்க அமைப்பு இவ்வகைப் பழம்பொறிகளைக் கைவிட்டது. பெற்ற வீடே கதவைச் சாத்திய பின் கடைத்தெருவுக்கு வந்த பொருள் இது.

அதற்குரிய விசைப்பலகை கடையில் இல்லை. ஆயினும் அது பெரிய தடையாக இல்லை. விசைப்பலகை இணைக்கப்படாவிட்டால் இப்பொறி தன் பேச்சையெல்லாம் பின்புறத்துத் தொடர் வாயில் வழியாக, நொடிக்கு 9600 பிட் வேகத்தில் அனுப்பத் தொடங்கிவிடும். நண்பர் ஒருவரின் மடிக்கணினியை ஒரு கம்பியால் அவ்வாயிலில் இணைத்தோம். திரையில் முதலில் வந்த செய்தி, தன் அடையாளப் பதிவு செல்லாததாகிவிட்டது என்பதே.

குடியிருப்பில் என் வீட்டுக்கு எதிரே சிக்னல் பிரிவில் பணிபுரியும் அண்ணன் ஒருவர் இருக்கிறார். அவர் வந்து பார்த்துவிட்டு, “தம்பி, இதற்கு உயிர் இருக்கிறது; ஞாபகந்தான் போய்விட்டது” என்றார். பொறியின் பெயர், பிணைய முகவரி முதலியவற்றைக் காக்கும் சிறு சில்லு ஒன்று உண்டு. அதற்கான மின்கலம் சில்லின் உள்ளேயே வார்க்கப்பட்டிருக்கும். ஆண்டுகள் கடந்தால் அது தீர்ந்துபோகும். அப்போது பொறி தான் யார் என்பதையே மறந்துவிடும். அண்ணன் சில்லின் மேற்புறத்தை அரத்தால் பொறுமையாகத் தேய்த்து, 3 வோல்ட் காசு மின்கலம் ஒன்றைப் பற்றவைத்துக் கொடுத்தார். பின்னர், சன் நிறுவனத்துக்குரிய 08, 00, 20 என்னும் தொடக்க எண்களோடு அதன் முகவரியை நாங்களே மீண்டும் எழுதினோம். மகள் எண்களைப் படிக்க, நான் தட்டினேன்.

இனிக் கெர்னலுக்கு வருவோம். யூனிக்ஸ் மரபில், நாம் கட்டளை எழுதும் மேற்பகுதிக்கு ‘ஷெல்’ என்று பெயர். ஓடு என்று பொருள். ஓட்டுக்குள் இருக்கும் பருப்பே கெர்னல். வட்டு, நினைவகம், பிணையம் ஆகிய யாவற்றையும் ஆள்வதும், எந்த வேலைக்கு எப்போது முறை என்று பங்கிடுவதும் அதன் கடமை. சிக்னலின் இசைவில்லாமல் வண்டி நகராததுபோல், கெர்னலின் இசைவில்லாமல் எந்த நிரலும் வன்பொருளைத் தொட இயலாது.

நாங்கள் நிறுவியது நெட்பிஎஸ்டி. பெர்க்லியில் வளர்ந்த யூனிக்ஸ் மரபின் வழித்தோன்றலாகிய இது 1993 முதல் தன்னார்வலர்களால் வளர்க்கப்பட்டு வருகிறது, விலையின்றிக் கிடைக்கிறது. பலவகைப் பழம்பொறிகளை இன்றும் தாங்குவது இதன் சிறப்பு. நாங்கள் எடுத்துக்கொண்ட 10.1ஆம் பதிப்பு வெளிவந்தது 2024 டிசம்பரில். இதனோடு வரும் கெர்னலுக்கு ‘ஜெனரிக்’ என்று பெயர். பொதுவானது என்று பொருள். எந்தப் பொறியில் ஏற்றினாலும் ஓட வேண்டும் என்பதற்காக, இருக்கக்கூடிய எல்லாக் கருவிகளுக்கும் உரிய நிரல்களை அது சுமந்து நிற்கும். நம் பொறியில் இருப்பவற்றுக்கு மட்டும் அதனைச் செதுக்கிக்கொள்வதே கெர்னலை அமைத்தல் எனப்படுவது.

அதன் பட்டியல் ஒரு சாதாரண எழுத்துக் கோப்பு. பல நூறு வரிகள். வரிக்கு ஒரு கருவி அல்லது ஒரு விருப்பம். வேண்டாத வரியின் தலையில் ‘#’ என்னும் குறியை இட்டால் அது விலக்கப்படும். முதலில் ஜெனரிக் கோப்பைப் படியெடுத்து, படிக்குக் ‘கல்யாண்’ என்று பெயரிட்டோம். மூலம் தொடப்படாமல் இருக்க வேண்டும் என்பது அலுவலகத்தில் நான் கற்ற முறை. அடுத்து, பொறி தொடங்கும்போது தான் கண்ட கருவிகளை வரிசையாக அறிவிக்குமே, அந்த அறிவிப்பை ‘டிமெஸ்ஜி’ என்னும் கட்டளையால் எடுத்துத் தாளில் அச்சிட்டுக்கொண்டோம்.

சரக்குக் கிடங்கில் இருப்புச் சரிபார்ப்பது எப்படி? பதிவேட்டில் உள்ளது தரையில் இருக்கிறதா, தரையில் உள்ளது பதிவேட்டில் ஏறியிருக்கிறதா என்று இரு பக்கமும் பார்ப்போம். அதே முறையில் மகளுக்கு ஒரு பழைய குறிப்பேட்டில் மூன்று பத்திகள் போட்டுக் கொடுத்தேன். உண்டு, வேண்டும், உண்டு, வேண்டாம், இல்லை.

வட்டும் அதன் கட்டுப்பாட்டுச் சில்லும், ‘எச்எம்இ’ என்னும் பிணைய இணைப்பும், தொடர் வாயிலும் முதல் பத்தியில் ஏறின. ஃபிளாப்பி இயக்கி இரண்டாம் பத்தி. இயக்கி இருந்தது, போடுவதற்கு ஃபிளாப்பி இல்லை. முந்திய சன் பொறிகளில் இருந்த எஸ்பஸ் அட்டைகள், யுஎஸ்பி, எங்களிடம் இல்லாத பிணைய அட்டைகள், பல மூளைகளைச் சேர்த்தாளும் விருப்பம் ஆகியவை மூன்றாம் பத்தி. இப்பொறிக்கு ஒரே மூளைதான்.

மூன்றாம் நாள் இரவு மகள் ஒரு வரியில் விரலை வைத்துக்கொண்டு நின்றாள். “அப்பா, ‘லூப்’ என்று ஒன்று இருக்கிறது. நம் அறிவிப்புத் தாளில் இப்படி ஒரு கருவியே இல்லையே, இதை எடுத்துவிடலாமா?” என்றாள். ஆங்கிலக் கையேட்டை அகராதியோடு வைத்துக்கொண்டு இருவரும் தேடினோம். அது கையால் தொடக்கூடிய கருவி அன்று. பொறி தனக்குத்தானே கடிதம் எழுதிக்கொள்வதற்கான வழி. பல நிரல்கள் ஒன்றோடொன்று பேசுவது அதன் வாயிலாகத்தான். கண்ணுக்குத் தெரியும் பொருள் ஒன்றும் இல்லை. ஆனால் அது இல்லாவிட்டால் வேலை நடவாது. மகள் நான்காவதாக ஒரு பத்தி வரைந்து, ‘தெரியாது, ஆனால் வேண்டும்’ என்று தலைப்பிட்டாள். அந்தப் பத்தி எனக்குத் தோன்றவில்லை, அவளுக்குத் தோன்றிற்று.

பட்டியல் முடிந்ததும் ‘கான்ஃபிக்’ என்னும் நிரல் அதனைச் சரிபார்க்கும். கருவிகளுக்கு அதில் தாய் பிள்ளை உறவு உண்டு. வட்டு ஒரு கட்டுப்பாட்டுச் சில்லைச் சார்ந்தது. அச்சில்லு ஒரு பாதையைச் சார்ந்தது. தாயை நீக்கிவிட்டுப் பிள்ளையை விட்டுவைத்தால், இக்கருவி அநாதையாக நிற்கிறது என்று அந்நிரல் எச்சரிக்கும். ஆதலால் கிளையை நீக்குமுன் அதில் தொங்குவன யாவை என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

பின்னர் மூல நிரல்களிலிருந்து கெர்னலைக் கட்டும் வேலை. வேகமான வேறொரு கணிப்பொறியில் இப்பொறிக்கான கெர்னலைக் கட்டிக்கொள்ளவும் நெட்பிஎஸ்டியில் வசதி உண்டு. அவசரம் உள்ளவர்க்கு அதுவே நல்ல வழி. எங்களுக்கு அவசரமில்லை, கிழவனே தன் கஞ்சியைக் காய்ச்சிக்கொள்ளட்டும் என்று விட்டோம். இரண்டு இரவுகளும் இடையில் ஒரு பகலும் ஆயின. நான் இரவுப்பணி முடிந்து வரும்போது, எந்தக் கோப்பு ஓடிக்கொண்டிருக்கிறது என்று மகள் சீட்டெழுதி வைத்திருப்பாள்.

புதிய கெர்னலை ஏற்றுமுன் செய்ய வேண்டியது ஒன்றுண்டு. ஓடிக்கொண்டிருந்த பழைய கெர்னலை வேறு பெயரில் பாதுகாத்து வைக்க வேண்டும். புதியது எழுந்திராவிட்டால், தொடக்கத்தில் வரும் ‘ஓகே’ என்னும் குறியருகே பழைய கோப்பின் பெயரைச் சொல்லி அதனையே எழுப்பிக்கொள்ளலாம். திரும்பிவரப் பாதை இருந்தால் துணிந்து முன்னே போகலாம் அன்றோ? புதிய கெர்னலின் அறிவிப்பில் எங்கள் ஊர்ப் பெயர் தோன்றியபோது, அடுக்களையில் இருந்த என் மனைவியையும் எதிர்வீட்டு அண்ணனையும் மகள் கூவி அழைத்தாள்.

இதனால் கிடைத்த பயனை மிகைப்படுத்திச் சொல்ல நான் விரும்பவில்லை. கெர்னல் சிறிதாயிற்று, நினைவகம் சிறிது மிஞ்சிற்று, இல்லாத கருவிகளைத் தேடி நிற்காமையால் தொடக்கமும் சற்று விரைந்தது. கணக்குப் போடும் வேகம் ஏறக்குறைய முன்போலத்தான். நம் கையிலுள்ள கைப்பேசி இதைவிடப் பன்மடங்கு விரைவானது. இன்றைய இணையதளங்களைப் பார்க்க இப்பொறி உதவாது. பெரும்பாலோர்க்கு ஜெனரிக் கெர்னலே போதுமானது. எழுத்துக் கோப்புகளை வைக்கவும், நிரல் எழுதிப் பழகவும் எங்களுக்கு இது போதுகிறது.

உண்மையான பயன் வேறு. புதிய கைப்பேசியின் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க எளிதில் வழியில்லை. இப்பழம்பொறியோ மூடியைக் கழற்றினால் ஒவ்வோர் உறுப்பையும் காட்டுகிறது. அதன் மூல நிரலும் யாரும் படிக்கும்படி திறந்து கிடக்கிறது. உன் பட்டம் என்ன என்று அது கேட்பதில்லை. தாளையும் பதிவேட்டையும் ஒப்பிடத் தெரிந்தவன், பொறுமையும் ஓர் அகராதியும் உடையவன், அதனுள்ளே நுழையலாம். பதினைந்து ஆண்டுகளாக நான் செய்துவரும் எழுத்தர் வேலை இதற்கு உதவும் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை.

அன்பர்களே, உங்கள் வீட்டுப் பரணிலும் அலுவலகத்துக் கழிவிலும் இத்தகைய பொறிகள் இருக்கக்கூடும். விற்குமுன் ஒரு முறை பிள்ளைகளின் கையில் கொடுத்துப் பாருங்கள். முற்றிலும் பயனற்றுப் போனவற்றைத் தெருவில் எரிப்பவரிடம் தராதீர்கள். 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள மின்கழிவு விதிகளின்படி பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடம் சேர்ப்பியுங்கள். எங்கள் பொறியைப் பார்க்க விரும்பும் பிள்ளைகள் ஞாயிறு மாலையில் வரலாம். சொல்லிக்கொடுக்க என் மகள் இருக்கிறாள்.

கணக்குப் பாடத்தை விடுவதா, தொடர்வதா என்பதைப் பற்றி அவள் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இரண்டின் அடுக்குகளையும் பதினாறாம் எண்முறையையும் தானே எழுதிப் பழகுகிறாள். முகவரியில் வரும் அவ்வெண்களை எப்படிப் படிப்பது என்று அவளிடம் நான் கேட்டிருக்கிறேன். நாளைக்குச் சொல்லித்தருவதாகக் கூறியிருக்கிறாள்.