நல்லா இரு

மகள் வேலைக்காக ஸ்பானிஷ் படிக்கிறாள். ‘புவேனோ’ என்றால் ‘நல்ல’ என்று அர்த்தமாம். சாப்பாடு ருசியாக இருந்தாலும் புவேனோ, ‘சரி, கிளம்பலாம்’ என்பதற்கும் புவேனோ. மெக்சிகோக்காரர்கள் போனை எடுத்ததும் ‘ஹலோ’வுக்குப் பதிலாக ‘புவேனோ?’ என்கிறார்களாம். “ஒரு வார்த்தைக்கு எத்தனை அர்த்தம்ப்பா!” என்று அலுத்துக்கொண்டாள்.

நம்ம ‘நல்ல’ மட்டும் லேசுப்பட்டதா? கடித்தால் உயிரை வாங்குகிற பாம்புக்குப் பேர் நல்ல பாம்பு. எள்ளை ஆட்டினால் நல்லெண்ணெய். குடிக்கிற தண்ணீர் நல்ல தண்ணி. எங்கள் இலஞ்சிக்கு மேற்கே மலையைத் தாண்டினால், மிளகே ‘நல்லமுளகு’. ‘நல்ல அடி’ என்கிறோமே, அது அடித்தவனுக்கு நல்லதா, வாங்கினவனுக்கா? குற்றாலத்தில் ‘மெயினருவில தண்ணி நல்லா விழுது’ என்றால் துண்டோடு ஓடுவோம். இன்னும் கொஞ்சம் ‘நல்லா’ விழுந்தால், குளிக்கக் கூடாது என்று போலீஸ் தடுத்துவிடும்.

ஆச்சி திருநீறு பூசி, “நல்லா இருய்யா” என்றால் வாழ்த்து. அதையே ஒருத்தர் மண்ணை வாரித் தூற்றிவிட்டுச் சொன்னால் சாபம். வார்த்தை ஒன்றுதான். தொனி எந்த அகராதியிலும் கிடையாது.

நாற்பது வருஷத்துக்கு முன்னால் அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் வயல் பாகத்தில் தகராறு. சித்தப்பா வீட்டு வாசலில் நின்று அப்பா, “நல்லா இரு” என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டுத் திரும்பினார். அதோடு பேச்சில்லை. மூன்றாம் மாசம் அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார்.

போன ஆனிச் சாரலுக்கு இலஞ்சி போயிருந்தேன். சித்தப்பாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. பக்கத்தில் உட்காரவைத்துக் கையைப் பிடித்துக்கொண்டார்.

“எய்யா, அன்னைக்கு நீயும் கூடத்தான நின்ன? அண்ணன் ‘நல்லா இரு’ன்னாங்கள்லா... வாழ்த்திச் சொன்னாங்களா, வயிறெரிஞ்சு சொன்னாங்களா?”

நாற்பது வருஷமாக இதைச் சுமந்துகொண்டிருக்கிறார் மனுஷன்.

எனக்கு அப்போது பன்னிரண்டு வயசு. அப்பாவுக்குப் பின்னால் நின்றிருந்தேன். முதுகுதான் தெரிந்தது.

“வாழ்த்தித்தான் சித்தப்பா சொன்னாங்க. நான் பாத்தேன்லா.”

என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கையை விட்டுவிட்டு, “நல்லது” என்றார்.

அது எந்த ‘நல்லது’ என்றுதான் எனக்கு இன்னும் பிடிபடவில்லை.