பாபநாசம் வரை சைக்கிளில்

திருநெல்வேலிச் சீமையைப் பார்க்க வருகிறவர்கள் பெரும்பாலும் ரயிலிலோ மோட்டாரிலோ வந்து இறங்கி, நெல்லையப்பரைத் தரிசனம் செய்துகொண்டு, அல்வாப் பொட்டலத்துடன் ஊர் திரும்பிவிடுகிறார்கள். அதில் குற்றம் ஒன்றுமில்லை. நெல்லையப்பரும் பெரியவர், அல்வாவும் சாமான்யமானதல்ல. ஆனால் தாமிரபரணியை அறிய வேண்டுமென்றால் நம்முடைய வேகத்தை ஆற்றின் வேகத்துக்குக் குறைத்துக்கொள்ள வேண்டும். அதற்குச் சைக்கிளைப் போன்ற வாகனம் வேறு கிடையாது.

நண்பரிடம் இந்த யோசனையைச் சொன்னபோது அவர் முதலில் சிரித்தார். "போக ஐம்பது கிலோமீட்டர், அதுவும் மலையை நோக்கி! முழங்காலுக்கு யார் பதில் சொல்வது?" என்று கேட்டார். கடைசியில், திரும்பும்போது அம்பாசமுத்திரத்திலிருந்து ரயில் ஏறிவிடலாம் என்ற நிபந்தனையின் பேரில் இணங்கினார். ஐப்பசி மாதத்தில் ஒரு நாள், விடிவதற்கு முன்பே நாங்கள் இருவரும் புறப்பட்டோம்.

சுலோசன முதலியார் பாலத்தின் மேல் நின்று ஆற்றுக்கு ஒரு வணக்கம் போட்டோம். இந்தப் பாலத்தைத் தம் சொந்தப் பணத்தைச் செலவழித்துக் கட்டினார் அந்தப் புண்ணியவான். திறந்தது 1843-ஆம் ஆண்டில். இரண்டு கரை ஜனங்களும் ஒன்றாக வேண்டுமென்று தம் கைப்பொருளைக் கொட்டிய ஒருவரின் பெயரைச் சொல்லிப் பிரயாணம் தொடங்கியது நல்ல சகுனமாகவே பட்டது.

மேலப்பாளையத்தைக் கடந்ததும் நகரம் நம்மை விட்டுவிடுகிறது. சாலையின் இரு புறமும் பிசான சாகுபடிக்கு உழுது நீர் பாய்ச்சிய வயல்கள் வானத்தைப் பிரதிபலித்துக்கொண்டு கிடந்தன. சில வயல்களில் நடவு தொடங்கியிருந்தது. தென்மேற்குப் பருவம் தரும் நீரில் கார், வடகிழக்குப் பருவம் தரும் நீரில் பிசானம் என்று இரு போகம் விளைவது இந்தப் பள்ளத்தாக்கின் பாக்கியம். பொதிகையில் பிறந்து புன்னைக்காயல் அருகே கடலில் கலக்கும் வரை இந்த ஆற்றின் நீளம் 128 கிலோமீட்டர்தான். பிறப்பதும் முடிவதும் ஒரே ஜில்லாவுக்குள் என்று முன்பெல்லாம் பெருமையடித்துக்கொள்வோம். 1986-ல் தூத்துக்குடி தனி மாவட்டமான பிறகு அந்தப் பெருமையைப் பங்கு போட்டுக்கொள்ள வேண்டியதாயிற்று!

இத்தனை சிறிய ஆற்றில் எட்டு அணைக்கட்டுகள் இருக்கின்றன. ஸ்ரீவைகுண்டத்து அணைக்கட்டு ஒன்றுதான் ஆங்கிலேயர் காலத்தது. மற்ற ஏழும் அதற்கு முந்தியவை. எங்கள் சாலையோடு உறவாடிக்கொண்டு வந்தது கன்னடியன் கால்வாய். கன்னட தேசத்திலிருந்து வந்த ஒருவன், பசு நடந்த வழியைப் பின்பற்றி இதை வெட்டினான் என்பது கர்ணபரம்பரைக் கதை. கதை எப்படியிருந்தாலும், எங்கிருந்தோ வந்தவன் வெட்டிய வாய்க்காலில் இன்றைக்கும் நம்மவர்களின் நெல் விளைகிறது.

பத்தமடையில் இறங்கிக் காப்பி சாப்பிட்டோம். ரிஷிகேசத்தில் ஆசிரமம் அமைத்த சுவாமி சிவானந்தர் 1887-ல் பிறந்த ஊர் இது. பாய்க்குப் பெயர் போன ஊரும் இதுவே. ஆற்றங்கரைக் கோரையை ஊறவைத்து, மயிரிழையாகக் கிழித்து, பட்டைப்போல் மெல்லிய பாயாக நெய்கிறார்கள். முஸ்லிம் குடும்பத்துப் பெண்களின் விரல்களில் வளர்ந்த வித்தை அது. ஹிந்துக் கல்யாணத்திலே மணமக்கள் பெயரை நெய்த பத்தமடைப் பாயை விரிப்பது இந்தப் பக்கத்துச் சம்பிரதாயம்.

பத்தமடையைத் தாண்டியதும் பின்னாலிருந்து ஒரு பெரிய சைக்கிள் பட்டாளம் எங்களைப் பிடித்துவிட்டது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள். சர்க்கார் இலவசமாகக் கொடுத்த சைக்கிள்கள். எல்லாம் ஒரே மாதிரி.

"எங்க அண்ணாச்சி போறீங்க?"

"பாபநாசத்துக்கு."

"சைக்கிள்லயா? பஸ் இருக்கே, அண்ணாச்சி!"

எங்கள் நிலைமையைக் கண்டு மனப்பூர்வமாக இரக்கப்பட்டான் அந்தப் பையன். அவன் மணிக்கட்டில் ஒரு வர்ணத்தில் கயிறு கட்டியிருந்தது. பக்கத்தில் வந்தவன் கையில் வேறு வர்ணம். "அது என்ன தம்பி, சாமிக் கயிறா?" என்று கேட்டார் நண்பர். "சும்மா கட்டியிருக்கு" என்று சொல்லிச் சட்டைக் கையை இழுத்து விட்டுக்கொண்டு அவன் முன்னால் பறந்துவிட்டான்.

சும்மா கட்டிய கயிறல்ல என்பது இந்த ஜில்லாவில் எல்லோருக்கும் தெரியும். எந்த ஜாதி என்று பார்த்த மாத்திரத்தில் தெரிவதற்காகக் கட்டுவது. 2023 ஆகஸ்டில், இதே ஜில்லாவைச் சேர்ந்த நாங்குநேரியில், பட்டியல் வகுப்பைச் சேர்ந்த ஒரு மாணவனை உடன் படித்த பிள்ளைகளே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். அதன் பிறகு சர்க்கார் நியமித்த நீதிபதி சந்துரு குழு 2024-ல் அறிக்கை கொடுத்தது. கயிறு கட்டக்கூடாது என்பதோடு, ஜாதியைக் காட்டும் வர்ணம் பூசிய சைக்கிளில் பள்ளிக்கூடம் வரக்கூடாது என்றும் அதில் சொல்ல வேண்டியிருந்தது. பாவம், சைக்கிளுக்குக்கூட ஜாதி வந்துவிட்டது!

இந்த நினைவோடு சேரன்மாதேவிக்குள் நுழைந்தோம். நுழைந்ததும் இன்னொரு நினைவு வந்து சேர்ந்துகொண்டது.

லண்டனில் பாரிஸ்டர் படிப்புக்குப் போய்த் தேச விடுதலையைத் தேடிக்கொண்டு வந்தவர் வ. வே. சு. ஐயர். புதுச்சேரியில் பத்து ஆண்டு தலைமறைவாக வாழ்ந்தவர். திருக்குறளை ஆங்கிலத்தில் பெயர்த்தவர். சிறையிலிருந்தபடி கம்பனை ஆராய்ந்தவர். அவர் 1920-களின் தொடக்கத்தில் இந்த ஊரில் தமிழ்க் குருகுலம் நடத்தினார். தேசபக்தர்கள் உதவினார்கள், காங்கிரஸும் பணம் கொடுத்தது. அங்கே பிராமணப் பிள்ளைகள் சிலருக்குத் தனியாகச் சாப்பாடு போடுகிறார்கள் என்ற செய்தி வெளிவந்ததும் தமிழ்நாடு கொந்தளித்தது. டாக்டர் வரதராஜுலு நாயுடுவும் பெரியார் ஈ. வெ. ராமசாமியும் சமபந்தி வேண்டுமென்று போராடினார்கள். அவர்கள் கேட்டது நியாயம். ஐயரின் தியாகமும் உண்மை. இரண்டும் உண்மையாயிருந்தும் ஒரு பந்தியில் இலை போட முடியாமல் போயிற்று என்பதுதான் அந்தக் கதையின் துக்கம்.

காருகுறிச்சியில் நாதஸ்வர மேதை அருணாசலத்தை நினைத்துக்கொண்டோம். வீரவநல்லூரில் நண்பரின் டயர் பஞ்சராகி அரை மணி நேரம் போயிற்று. பஞ்சர் ஒட்டியவர், "காத்து நான் அடிச்சுத் தாரேன், மிதிக்கிறது உங்க பாடு" என்று வேதாந்தமாகச் சொன்னார்.

கல்லிடைக்குறிச்சியில் சாப்பாட்டுக் கடை. இலையில் சோறும், அந்த ஊர் அப்பளமும். எதிர்ப் பெஞ்சியில் ஒரு முதியவர் உட்கார்ந்திருந்தார். வயலில் நடவு பார்த்துவிட்டு வந்தவர். காலில் சேறு காயவில்லை. நாங்கள் வந்த காரியத்தைக் கேட்டுவிட்டு, "எங்க அப்பா காலத்துல இப்படி உள்ள வந்து ஒக்காந்து சாப்பிட முடியாதுய்யா. புறவாசல்ல நின்னு வாங்கிட்டுப் போகணும்" என்றார்.

"இப்போது எல்லாம் மாறிவிட்டதே, பாட்டையா!" என்றார் நண்பர்.

முதியவர் இலையை மடித்தார். "சாப்பிடுத எடத்துல மாறிருக்கு. குடியிருக்கிற எடத்துல மாறலயே" என்றார். அதற்கு எங்களிடம் பதில் இல்லை.

ஆற்றைத் தாண்டி அம்பாசமுத்திரம் போனோம். நெல் ஆராய்ச்சி நிலையத்தால் விவசாயிகளுக்கெல்லாம் தெரிந்த ஊர். அதற்கப்பால் சாலை மெல்ல ஏறத் தொடங்கியது. பேச்சு மெல்லக் குறையத் தொடங்கியது. காலையிலிருந்து நீலக் கோடாகத் தெரிந்த பொதிகை இப்போது பச்சைச் சுவராக எழுந்து நின்றது. இடுப்பில் மேகம் சுற்றியிருந்தது. விக்கிரமசிங்கபுரத்தில் 1880-களில் ஹார்வி சகோதரர்கள் ஆலை வைத்தது இந்த ஆற்றின் விசையை நம்பித்தான். அந்தக் கம்பெனியாரின் தூத்துக்குடிக் கோரல் ஆலையில்தான் 1908-ல் வ. உ. சிதம்பரம் பிள்ளை தொழிலாளர் வேலைநிறுத்தத்தை நடத்தினார்.

பாபநாசம்! கோயிலுக்கு எதிரே படித்துறை. பொரியை இறைத்தால் கை நீளத்து மீன்கள் கூட்டமாக வந்து மொய்க்கின்றன. ஆனால் படித்துறையின் ஓரத்தில் கண்ட காட்சி மனத்தை வருத்தியது. பாவம் தீரும் என்று நம்பி, குளித்த துணியை ஜனங்கள் ஆற்றிலேயே விட்டுவிட்டுப் போகிறார்கள். அது பாறையிலும் வேரிலும் சுற்றிக்கொண்டு கிடந்து அழுகுகிறது. தொண்டர்கள் டன் கணக்கில் வாரியெடுத்தும் தீர்ந்தபாடில்லை. நம்முடைய பாவத்தை ஆறு தீர்க்கிறது. ஆற்றுக்கு நாம் செய்யும் பாவத்தை யார் தீர்ப்பது?

சைக்கிள்களைக் கீழே நிறுத்திவிட்டு அகஸ்தியர் அருவிக்கு நடந்தோம். ஐப்பசி வெள்ளம், குளிக்கக்கூடாதென்று தடை போட்டிருந்தார்கள். நண்பருக்கு வருத்தம். அருவிக்கு மேலே இருக்கிறது கல்யாண தீர்த்தம். அகலமாக வந்த ஆறு அங்கே கரும்பாறைகளுக்கிடையே ஒடுங்கி, ஒரு கணம் ஆழ்ந்து, பிறகு பள்ளத்தில் பாய்கிறது. பாறைச் சுவர்களில் அந்த முழக்கம் மோதி மோதித் திரும்புகிறது. அகஸ்தியருக்குச் சிவபெருமான் கல்யாணக் கோலம் காட்டிய இடம் என்பது ஐதீகம்.

1925 ஜூன் மாதத்தில் குருகுலத்துப் பிள்ளைகளுடன் இங்கே வந்தார் ஐயர். மகள் சுபத்திரை நீரைத் தாண்ட முயன்று விழுந்துவிட்டாள். காப்பாற்றக் குதித்த தகப்பனாரையும் ஆறு கொண்டுபோயிற்று. அவருக்கு வயது 44. சேரன்மாதேவியிலிருந்து நாங்கள் ஒரு பகலில் மிதித்து வந்த தூரம், அவர் வாழ்க்கையின் கடைசித் தூரம். அந்தப் பந்தித் தகராறு தீருவதைப் பார்க்க அவர் இருக்கவில்லை. நண்பர் வெகு நேரம் பேசவில்லை. குளிக்க முடியாத வருத்தத்தை அதன் பிறகு அவர் சொல்லவேயில்லை.

மாலையில் இறக்கத்தில் இறங்கினோம். விக்கிரமசிங்கபுரத்துக்கு அருகில் எங்கள் சைக்கிள் செயின் கழன்று, பல்சக்கரத்துக்குள் சிக்கிக்கொண்டது. படித்தவர்கள் இருவரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். பள்ளிக்கூடம் விட்டு வந்த இரண்டு பையன்கள் தாமாகவே இறங்கி, ஒருவன் பின்சக்கரத்தைத் தூக்கிப் பிடிக்க, மற்றவன் செயினை மாட்டினான். எப்படி மாட்டுவது என்பதில் இருவருக்கும் பலமான வாக்குவாதம் வேறு. ஒருவன் கையில் கயிறு இருந்தது. மற்றவன் கையில் இல்லை. நான்கு கைகளும் கரிய எண்ணெய் மயமாகிவிட்டன.

"ரெண்டு பேரும் ஒரே தெருவா, தம்பி?" என்று கேட்டோம்.

"தெரு வேற அண்ணாச்சி. கிளாஸ் ஒண்ணு."

வாய்க்காலில் கையைக் கழுவிக்கொண்டு இருவரும் ஒருவர் பின் ஒருவராகப் போனார்கள். நாங்கள் ரயிலைப் பிடிக்க அம்பாசமுத்திரத்தை நோக்கி மிதித்தோம். இருட்டிக்கொண்டு வந்தது, இடது புறத்தில் வயல்களுக்குத் தண்ணீர் பாயும் சத்தம் கேட்டுக்கொண்டே வந்தது.