இரண்டாகத் தெரிந்த பிறை



ரமளானின் முதல் பிறையைக் காண, குன்றத்தூரில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் நின்றிருந்தோம். "இரண்டு பிறை தெரிகிறதே!" என்றார்கள் அத்தா. நாங்கள் சிரித்தோம்.

நுரையீரல் புற்றுநோய்க்காக அவர்களுக்குப் பெம்ப்ரோலிசுமாப் என்னும் இம்யூனோதெரபி மருந்தை மூன்று முறை ஏற்றியிருந்தார்கள். கட்டி சுருங்கத் தொடங்கியிருந்தது. நோயாளிக்குச் சலுகை உண்டென்பதால் நோன்பு வைக்கவில்லை. ஆயினும் இஃப்தாருக்கு எங்களோடு அமர்வார்கள். நான்காம் நாள் நோன்புக் கஞ்சி புரையேறியது. காலையில் தெளிவாக இருந்த குரல் மஃரிபுக்குப் பின் மூக்கால் ஒலித்தது. இடது இமை பாதி இறங்கியிருந்தது. களைப்பு என்றே எண்ணினோம். ஒரகடத்தில் பகல் ஷிப்ட் முடித்து வந்த தம்பிதான் முகத்தைப் பார்த்ததும் வண்டியை எடுத்தான்.

முதலில் சென்ற மருத்துவமனையில் பக்கவாதமோ என்று ஐயுற்று ஸ்கேன் எடுத்தார்கள். என்ன சிகிச்சை நடக்கிறது என்று கேட்டபோது, "கீமோ" என்றோம். வீட்டில் அப்படிச் சொல்லியே பழகியிருந்தோம். அந்த ஒரு சொல்லால் ஓர் இரவு வீணாயிற்று.

மறுநாள், புற்றுநோய் மருத்துவர் அனுப்பிய நரம்பியல் மருத்துவர் கையுறையில் பனிக்கட்டியை நிரப்பி, அத்தாவின் இமைமேல் இரண்டு நிமிடம் வைத்தார். இமை உயர்ந்தது! மயஸ்தீனியா கிராவிஸ் என்றார். இரத்தப் பரிசோதனைகளும் அதையே காட்டின.

கீமோ புற்றணுக்களை நேரடியாகத் தாக்குகிறது. இம்மருந்தோ நம் நோய் எதிர்ப்பு அணுக்களின் தடையை விடுவிக்கிறது. அத்தகைய தடைகளைக் கண்டறிந்து சிகிச்சையாக்க வழிவகுத்ததற்கே ஜேம்ஸ் அலிசனும் தசுக்கு ஹோன்ஜோவும் 2018-இல் நோபல் பரிசு பெற்றார்கள். தடை நீங்கிய அணுக்கள் மிக அரிதாக நரம்பும் தசையும் சேரும் இடத்தையே தாக்கிவிடுகின்றன; சிலருக்கு மூளையிலும் அழற்சி வருமாம். சுவாசத் தசையும் இதயமும் உடன் பாதிக்கப்படலாம் என்பதால் அன்றே ஈசிஜி எடுத்தார்கள், மூச்சின் அளவைப் பார்த்தார்கள். பிறகு ஸ்டீராய்டும் ஐந்து நாள் இம்யூனோகுளோபுலினும் ஏற்றினார்கள்.

அல்ஹம்துலில்லாஹ், இப்போது கஞ்சி இறங்குகிறது. ஆனால் கட்டியைச் சுருக்கிய அம்மருந்தை இனித் தர இயலாது என்றுவிட்டார்கள். மருந்தின் பெயரெழுதிய சீட்டு இப்போது அத்தாவின் சட்டைப்பையிலும் எங்கள் எல்லோருடைய கைபேசியிலும் இருக்கிறது.

அடுத்த மாதம் ஸ்கேன். துஆச் செய்யுங்கள்.